எல்லா ஆய்வும் ஒரு பிரதேச செயலகப் பிரிவுக்குள்ளேயா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

களுவாஞ்சிகுடியில் பிரதான வீதியோரமாக ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். ரைப்பிங், போட்டோக்கொப்பி, லெமினேட்டிங், பைண்டிங். கடை தொடங்கிப் பத்தொன்பது வருடம். பெரும்பாலும் காணி உறுதி, மரண அறிவித்தல், கோயில் சடங்கு நோட்டீஸ், பள்ளிப் பிள்ளைகளின் பாஸ்ட் பேப்பர்தான் வேலை. வருடத்தில் இரண்டு மூன்று மாதம் மட்டும் கடை கெம்பஸ் பிள்ளைகளால் நிறையும். வந்தாறுமூலை, ஒலுவில், யாழ்ப்பாணம், பேராதனை என்று எங்கே படித்தாலும் ஆய்வேடு கட்ட ஊருக்குத்தான் வருகிறார்கள். இங்கே விலை குறைவு, கடனும் சொல்லலாம். அவர்கள் எழுதியதை எழுத்தெழுத்தாக வாசிப்பவள் சிலவேளை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மற்றவர்கள் பக்கம் தாவலாம். ரைப் பண்ணுகிறவள் தாவ ஏலாது.

எனக்கு ஒரு பழக்கம். கட்டிக் கொடுக்கும் ஒவ்வோர் ஆய்வேட்டின் தலைப்பையும் ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதி வைப்பேன். இப்போது மூன்றாவது கொப்பி. போன மாதம் மழைக்குக் கரண்ட் இல்லாத ஒரு பின்னேரம் மூன்றையும் புரட்டினேன். தலைப்பின் முன்பாதி மாறுகிறது: நுண்கடன், இடைவிலகல், இளவயதுத் திருமணம், மதுப்பாவனை, கைத்தறி, கச்சான் செய்கை. பின்பாதி மாறவே இல்லை. "மண்முனை தென் எருவில் பற்றுப் பிரதேச செயலகப் பிரிவை அடிப்படையாகக் கொண்ட ஓர் ஆய்வு." அல்லது போரதீவுப்பற்று. அல்லது கோறளைப்பற்று. இந்தப் பின்பாதியை நான் கொம்பியூட்டரில் பதிந்தே வைத்திருக்கிறேன். இரண்டு எழுத்து அடித்தால் மிச்சம் தானாக வந்து விழும்.

ஒருமுறை ஒரு தம்பி நூற்றுப் பத்துப் பக்கத்தை பாமினி எழுத்தில் கொண்டுவந்து யூனிகோட்டுக்கு மாற்றித் தரச் சொன்னார். ஆய்வு எங்கள் பிரிவைப் பற்றியது. மாற்றிக்கொண்டு போகையில் நடுப்பகுதி அட்டவணை ஒன்றின் கீழே "வாழைச்சேனைக் கிராம உத்தியோகத்தரின் தகவலின்படி" என்று இருந்தது. வாழைச்சேனை எங்கே, நாங்கள் எங்கே! கேட்டேன். தம்பி சிரித்துவிட்டு, "அதையும் மாத்தி விடுங்க அக்கா" என்றார். முன்னைய வருடத்து ஆய்வேடு ஒன்றில் பிரிவின் பெயரை மட்டும் தேடி மாற்றியிருக்கிறார், ஒரு இடம் தப்பிவிட்டது. நான் மாற்றவில்லை, அடிக்கோடு போட்டுக் கொடுத்தேன். தம்பி கெட்டிக்காரப் பிள்ளை, அதையும் சொல்ல வேண்டும். தலைப்பு எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததாக இருந்தால் களவு எடுப்பதும் லேசு, பிடிபடாமல் போவதும் லேசு.

பிரதேசத்தைப் பற்றி எழுதக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் ஊரைப் பற்றி நாங்கள் எழுதாமல் வேறு யார் எழுதுவது? ஆனால் மூன்று கொப்பியிலும் கடலுக்கு அப்பால் பார்த்த தலைப்புகளை ஒரு கை விரலில் எண்ணிவிட்டேன். அதுதான் மனதைக் குடைகிறது. இந்தக் கடிதமும் அதற்காகத்தான்.

பொதுப்பட்டம் மூன்று வருடம், 90 திறமைப் புள்ளி. சிறப்புப் பட்டம், பிள்ளைகள் 'ஸ்பெஷல்' என்பது, நான்கு வருடம், 120 புள்ளி. தேசியத் தகைமைச் சட்டகத்தில் அது ஒரு படி மேலே, ஆறாம் மட்டம். அந்த மேலதிக வருடத்தில் பிள்ளை சுயமாக ஒரு ஆய்வைச் செய்து நிரூபிக்க வேண்டும். கூடப் படிக்கும் இத்தனை பேரில் ஒரு சிலருக்குத்தான் அது கிடைக்கிறது. எனக்குக் கிடைக்கவில்லை. நான் படித்தது வெளிவாரியாக, பொதுப்பட்டம். 1990களில் உள்ளே போய்ப் படிக்கிற நிலைமை எங்கள் வீட்டில் இருக்கவில்லை. அந்த ஆற்றாமையும் இந்தக் கடிதத்தில் கொஞ்சம் இருக்கலாம், பொறுத்துக் கொள்ளுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முதல் ஒரு பிள்ளை வந்தாள். வரலாறு ஸ்பெஷல். எந்தப் பல்கலைக்கழகம் என்று எழுதப் போவதில்லை. முன்மொழிவு நாலு பக்கம், கையெழுத்தில். "அன்ரி, இத நாளைக்கு விடிய முதல் ரைப் பண்ணித் தாங்க, ஒரு சொல்லும் விடாம" என்றாள். தலைப்பைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. 1990இல் குவைத்திலிருந்து ஓடி வந்த மட்டக்களப்புப் பெண்களும் ஐக்கிய நாடுகள் இழப்பீடும்.

என்னுடைய பெரியக்கா அந்தப் பெண்களில் ஒருத்தி.

1988இல் போனவ. சால்மியாவில் ஒரு வீடு. 1990 ஆகஸ்ட் 2ஆம் திகதி ஈராக் படை உள்ளே வந்தபோது வீட்டுக்காரர் இரண்டு காரில் சவூதிப் பக்கம் போய்விட்டார்கள். அக்காவிடம் கொடுத்தது சமையலறைத் திறப்பு மட்டும். மூன்று கிழமை அரிசியும் பேரீச்சம்பழமுமாக இருந்து, பிறகு வேறு இலங்கைப் பெண்களோடு பஸ் ஏறி, பக்தாத் வழியாக ஜோர்தான் எல்லைக்கு வந்து, பாலைவனத்தில் கூடாரத்தில் கிடந்து, அம்மானிலிருந்து விமானத்தில் கட்டுநாயக்காவுக்கு வந்து சேர்ந்தா. வந்தும் வீட்டுக்கு வர ஒண்ணா. இங்கே ஆனி மாதமே சண்டை மறுபடி தொடங்கிவிட்டது, பாதை இல்லை. கொட்டாஞ்சேனையில் தூரத்து உறவு ஒருவர் வீட்டில் மாதக் கணக்கில் இருந்தா. அங்கேயும் யுத்தம், இங்கேயும் யுத்தம், நடுவில் ஒரு சூட்கேஸ். அதுவும் அவவுடையது இல்லை, கூடாரத்தில் யாரோ விட்டுப் போனது.

பிறகுதான் படிவம் வந்தது. 1991 ஏப்ரலில் பாதுகாப்புச் சபை 687ஆம் இலக்கத் தீர்மானத்தை நிறைவேற்றியது. அந்தப் படையெடுப்பால் நட்டப்பட்டவர்களுக்கு ஈராக் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று முடிவாகி, ஜெனீவாவில் அதற்கென்று ஓர் ஆணைக்குழு தொடங்கினார்கள். கோடிக் கணக்கில் கேட்கும் எண்ணெய்க் கம்பனிகளை விட, வீட்டு வேலைக்குப் போன சின்ன மனிதர்களை முதலில் பார்ப்பது என்று வைத்தார்கள். அவர்களுக்கு நட்டத்தைக் கணக்குப் போட்டுக் காட்டும் தொல்லை இல்லை. 1990 ஆகஸ்ட் 2க்கும் 1991 மார்ச் 2க்கும் இடையில் குவைத்தையோ ஈராக்கையோ விட்டு வெளியேறியதைக் காட்டினால் போதும். வேறு எந்தக் கோரிக்கையும் வைக்க மாட்டேன் என்று ஒப்புக்கொண்டால் தனியாளுக்கு 4,000 டொலர், இல்லையென்றால் 2,500. பணம் ஈராக் விற்கும் எண்ணெயிலிருந்து, தொடக்கத்தில் நூற்றுக்கு 30 வீதம் பிடித்து. உலகம் முழுவதிலும் இருந்து ஏறத்தாழ 27 லட்சம் கோரிக்கைகள். கடைசிக் காசு கட்டி முடிந்தது 2022 ஜனவரியில். மொத்தம் 5,240 கோடி டொலர்.

அக்காவுக்கு இரண்டு தவணையில் வந்தது. அதில்தான் எங்கள் வீட்டுக் குசினியைக் கல்லால் கட்டினோம். இன்றைக்கும் வீட்டில் அதற்குப் பெயர் 'சதாம் குசினி'. "சதாம் குசினியில தேங்காய் திருவி வச்சிருக்கன்" என்று அம்மா சொன்னால் புதிதாக வந்த மருமக்கள் முழிப்பார்கள்.

அந்தப் பிள்ளையை நான் அன்றைக்கே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அக்கா அலுமாரிக்குள்ளிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்தா. பழைய பாஸ்போட், ஜோர்தான் முத்திரையோடு. படிவத்தின் கார்பன் பிரதி. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திலிருந்து வந்த இரண்டு கடிதம். வங்கிச் சிட்டை. பிள்ளை தொட்டுப் பார்க்கவே பயந்தாள். படிவத்தில் 'டிபார்ச்சர்' என்று இருந்ததற்குத் தமிழில் என்ன போடலாம் என்று என்னைக் கேட்டாள். வெளியேற்றம் என்றேன், அது பிறர் துரத்தியது போல் இருக்கிறதே என்றாள். புறப்பாடு என்றேன். பாக்குவெட்டியோடு இருந்த அக்கா தலை நிமிராமலே சொன்னா: "நான் புறப்படல்ல கா. ஓடினன்." பிள்ளை அதைக் கொப்பியில் அப்படியே எழுதினாள்.

மறுகா அக்கா இன்னொன்றும் சொன்னா. அந்தக் காசு வந்த காலத்தில் ஈராக்கில் பொருளாதாரத் தடை. மருந்து இல்லாமல், பால் இல்லாமல் பிள்ளைகள் சாகிறதாக ரேடியோவில் கேட்டிருக்கிறா. "அந்தப் புள்ளைகள்ற காசு மாதிரி இரிந்திச்சி. எண்டாலும் வாங்கினன். நமக்கும் இங்க ஒண்டும் இல்ல." முப்பது வருடமாக ஒரே வீட்டில் இருந்தும் அக்கா இதை எங்களிடம் சொன்னதில்லை. கேட்க ஒரு ஆள் கொப்பியோடு வந்ததால் சொன்னா.

முன்மொழிவு போய் இரண்டு கிழமையில் திரும்பி வந்தது. ஒருவர் சொன்னாராம், இது சர்வதேச உறவுகள், வரலாற்றுக்குள் வராது. சர்வதேச உறவுகளைக் கற்பிப்பவரிடம் போனால், இழப்பீடு என்பது சட்டம். பொருளியல் பக்கம் போனால், மாதிரி அளவு எத்தனை, புள்ளிவிபரம் எங்கே? கடைசியில் ஒருவர் அன்பாகவே சொல்லியிருக்கிறார்: "புள்ள, குவைத்துக்குப் போய்த் தரவு எடுப்பியா? பாதுகாப்பா உன்ட பிரிவுக்குள்ள ஒண்டச் செய்." அவர் கெட்டவர் இல்லை. நேரத்துக்கு முடிக்காமல் நின்ற பிள்ளைகளை அவர் கண்டிருப்பார். அந்தப் பயம் அவருக்கு.

எட்டு மாதம் கழித்து அவள் ஆய்வேட்டைக் கட்ட வந்தாள். "வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பெற்றுத் திரும்பிய பெண்களின் சமூக பொருளாதார நிலை", மிச்சம் உங்களுக்குத் தெரியும். ஐந்து அத்தியாயம்: அறிமுகம், இலக்கிய மீளாய்வு, முறையியல், பகுப்பாய்வு, முடிவும் பரிந்துரையும். ஐம்பது வினாக்கொத்து, வட்ட வரைபடம் பதினொன்று. அக்கா அதில் 'பதிலளித்தோர் 14'. வீட்டின் தன்மை: நிரந்தரம். கல்வி: தரம் 8. நாடு: குவைத். ஓடியது இல்லை, கூடாரம் இல்லை, ஜெனீவா இல்லை, அந்தப் பிள்ளைகளின் பால் இல்லை. அக்காவிடம் ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் காட்டினேன். பக்கம் பக்கமாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ட கதை எங்க கா?" என்றா. நான் அட்டவணையைக் காட்டினேன். அவ அட்டையில் இருந்த பொன் எழுத்தைத் தடவிப் பார்த்து, "வடிவாத்தான் கட்டியிரிக்காய்" என்றா.

குவைத்துக்குப் போகத் தேவையே இல்லை என்பதுதான் என் பேச்சு. ஜெனீவா ஆணைக்குழுவின் தீர்மானங்கள் இணையத்தில் கிடக்கின்றன, காசும் இல்லை, கடவுச்சொல்லும் இல்லை. மற்றப் பாதி ஆவணம் இங்கே அலுமாரிகளுக்குள் பொலித்தீன் பைகளில் இருக்கிறது. எங்கள் வீதியிலேயே இன்னும் நான்கு வீட்டில் இருக்கும். ஜெனீவாக்காரனுக்கு இந்தப் பை கிடைக்காது. எங்கள் பிள்ளைக்கு இரண்டும் கிடைக்கும். இப்படியொரு வாய்ப்பு எந்த நாட்டு மாணவருக்கு வாய்க்கும்?

வெளிநாட்டுக்காரர் இதைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். 1960களின் கடைசியில் டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் அக்கரைப்பற்றுக்கு வந்தார். அப்போது அவரும் ஒரு மாணவர்தான். குடி என்று நாங்கள் சொல்லும் குலமுறையை, தாய்வழியை, தமிழரும் முஸ்லிம்களும் அதை எப்படிப் பங்கிட்டுக் கொள்கிறார்கள் என்பதைப் படித்தார். பிறகு கொலராடோப் பல்கலைக்கழகத்தில் கற்பித்துக்கொண்டு எத்தனை முறை வந்து போனார். 1980களின் தொடக்கத்தில் மார்க் விட்டேக்கர் என்ற இன்னொருவர் மண்டூர் முருகன் கோயிலில் வந்து இருந்தார். மண்டூர் என்றால் இங்கே குருமண்வெளித் துறையடியில் 'பாதை' என்கிற மிதவைப் படகில் ஏறினால் அக்கரை. கொலராடோவிலிருந்து ஒருவருக்கு அக்கரைப்பற்றின் குடி வழமை சர்வதேச ஆய்வு. அக்கரைப்பற்றுப் பிள்ளை கொலராடோவைப் பற்றி எழுதப் போனால் மட்டும் அது 'எட்டாத தலைப்பு'.

கொலராடோவும் வேண்டாம். மேற்குச் சுமாத்திராவில் மினாங்கபாவ் மக்கள் இருக்கிறார்கள். முஸ்லிம்கள், ஆனால் வீடும் குடும்பக் காணியும் தாயிடமிருந்து மகளுக்கு. உலகத்திலேயே மிகப் பெரிய தாய்வழிச் சமூகம் அதுதான் என்பார்கள். எங்கள் பகுதியில் மகளுக்கு வீடு கட்டி முடிக்காமல் அண்ணன்மார் கலியாணம் கட்டப் பின்னடிப்பது இன்றைக்கும் உண்டு. சம்மாந்துறையிலும் அப்படி, கல்லாற்றிலும் அப்படி. அங்கே ஒரு பெண் அந்த வீட்டை விற்கலாமா? இங்கே சீதன உறுதியில் யாருடைய பெயர் இருக்கிறது? நான் காணி உறுதி ரைப் பண்ணுகிறவள், எனக்கே இந்தக் கேள்வி வருகிறது. சமூகவியல் பிள்ளையும் இஸ்லாமிய கற்கைப் பிள்ளையும் சேர்ந்து இருந்தால் ஒரு வருடத்துக்குள் நல்ல ஆய்வு ஒன்று எழும்பும்.

சுமாத்திரா என்றால் எங்களுக்கு முதலில் நினைவு வருவது வேறொன்று. 2004 மார்கழி 26 சுனாமி. கல்லாறு, கல்முனை, மருதமுனை, காரைதீவு என்று நான் பெயர் சொல்லத் தேவையில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் இறந்தவர்கள் பத்தாயிரத்துக்கு மேல். அந்தப் பூகம்பத்துக்குக் கிட்டவே சிமெலூ என்று ஒரு தீவு இருக்கிறது. அன்றைக்கு அங்கே ஏறக்குறைய 78,000 பேர். இறந்தவர்கள் ஏழு பேர். 1907இல் அங்கே ஒரு பேரலை வந்திருக்கிறது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ஸ்மோங்'. நிலம் பலமாக அதிர்ந்து கடல் வற்றினால் மேட்டுக்கு ஓடு என்று அதைப் பாட்டிலும் தாலாட்டிலும் வைத்துத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். 2004இல் பாட்டு காப்பாற்றியது.

இதை என்னிடம் சொன்னவன் ஒரு புவியியல் பொடியன். அவன் போன பிறகு யோசித்தேன். எங்கள் அம்மா 1978 கார்த்திகை 23 சூறாவளியைப் பாட்டாகத்தான் சொல்லுவா. கூரை பறந்தது, தென்னை முறிந்தது, எந்த மூலையில் பதுங்க வேணும் எல்லாம் அதில் இருக்கும். காற்றுக்கு எங்களிடம் பாட்டு இருந்தது, கடலுக்கு இருக்கவில்லை. ஏன்? எங்களுக்கு நிலம் சிமெலூவைப் போல் அதிரவும் இல்லை, ஆகவே அவர்களுடைய பாட்டை அப்படியே கொண்டுவந்து இங்கே படிக்க ஏலாது. அப்படியென்றால் எங்கள் பாட்டில் என்ன இருக்க வேணும்? இது புவியியலா, தமிழா, நுண்கலையா? பொடியன் கடைசியில் எழுதியது கரையோர மண்ணரிப்பு. பிரிவின் பெயர் வேண்டுமானால் சொல்கிறேன்.

எந்தத் துறை என்ற இந்தக் கேள்வியே எங்களுக்குப் பொருந்தாதது. காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகளுக்கு ஆடி மாதத்தில் எல்லாப் பள்ளியிலும் மாலை போடுகிறோம். நானும் விழா மலர் ரைப் பண்ணிக் காசு வாங்குகிறேன். அவர் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி. 1926இல் 'மதங்க சூளாமணி'யில் ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் பன்னிரண்டை எடுத்துத் தமிழ் நாடக இலக்கணத்தோடு வைத்துப் பார்த்தார். 1947இல் வந்த 'யாழ்நூல்' இசையா, கணிதமா, பௌதிகமா, சிலப்பதிகாரமா? எல்லாம். அவர் இன்றைக்கு முன்மொழிவோடு வந்தால் "சுவாமி, இது எங்கட டிப்பாட்மென்டுக்குள்ள வராது" என்று சொல்லித் திருப்பி அனுப்பமாட்டோம் என்று யாரால் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியும்?

கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தையும் சொல்லிவிட வேண்டும், அம்பாறை வாசகர்கள் கோபிப்பார்கள். இங்கினியாகலை அணையை 1949இலிருந்து கட்டியது மொரிசன் நட்சன் என்ற அமெரிக்கக் கம்பனி. கல்லோயா அபிவிருத்திச் சபைக்கு முன்மாதிரி அமெரிக்காவின் டெனசி பள்ளத்தாக்கு அதிகாரசபை. 1980களின் தொடக்கத்தில் இடதுகரை வாய்க்கால்களைத் திருத்தியபோது கோர்னெல் பல்கலைக்கழகத்தார் வந்து விவசாயிகளைச் சிறு குழுக்களாகச் சேர்க்கும் முறையில் பங்கெடுத்தார்கள். சம்மாந்துறை வயலில் மடை திறப்பதற்கு உள்ள ஒழுங்கின் ஒரு வேர் டெனசியில் இருக்கிறது. விவசாய பீடத்துப் பிள்ளை விதை இனத்தைப் பற்றி எழுதட்டும், நல்லது. யாராவது ஒருவர் இதையும் எழுதலாமே.

மறுபக்க நியாயமும் எனக்குத் தெரியும். ஆங்கிலம் முதல் தடை. அந்தப் பிள்ளை ஜெனீவாத் தீர்மானம் ஒன்றை கைபேசி அகராதியை வைத்து வாசித்து முடிக்க நான்கு இரவு எடுத்தாள். ஆனால் நான்காவது இரவு முடிவில் அவளுக்கு அது விளங்கிவிட்டது. நூற்றுக்கணக்கான டொலர் கேட்கும் சஞ்சிகைகள் எங்கள் நூலகங்களுக்கு எட்டாது, உண்மை. ஒரு விரிவுரையாளர் தலையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், அதுவும் உண்மை. தெரியாத விடயத்தை மேற்பார்வை செய்ய யாருக்கும் பயம் வரும். அதனால்தான் இரண்டு துறையிலிருந்து இரண்டு பேர் சேர்ந்து மேற்பார்வை செய்ய வழி விடுங்கள் என்கிறேன். ஒரு கல்வியியல் மாணவியின் ஆய்வேட்டில் வாசித்தேன், அமெரிக்காவில் ஸ்வார்த்மோர் என்ற சின்னக் கல்லூரியில் 1922இல் சிறப்புப் பட்டம் தொடங்கியபோது, கற்பித்தவர்களே பரீட்சிக்காமல் வெளியிலிருந்து ஆட்களைக் கூப்பிட்டுப் பிள்ளைகளைப் பரீட்சித்தார்களாம். வந்தாறுமூலைக்கும் ஒலுவிலுக்கும் இடையில் எங்கள் கடையைத் தாண்டித்தான் பஸ் ஓடுகிறது. வைவா என்கிற வாய்மொழிப் பரீட்சைக்கு அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே ஒருவர் வந்து இருக்க எத்தனை ரூபாய் செலவு?

இன்னொன்று. கட்டிய ஆய்வேடு எங்கே போகிறது? ஒன்று நூலகத்துக்கு, ஒன்று துறைக்கு, ஒன்று வீட்டில் சுவாமி அறைக்கு. அதோடு சரி. தலைப்புப் பட்டியலாவது வெளியே வந்தால், போன வருடம் என்ன செய்தார்கள் என்று பார்த்துப் பிள்ளை புதிதாக ஒன்றை யோசிக்கும், வாழைச்சேனைக் கிராம உத்தியோகத்தரும் களுவாஞ்சிகுடிக்கு வர மாட்டார். 2005இலிருந்து நூலகம் நிறுவனம் எங்கள் பழைய மலர்கள், நோட்டீஸ் எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றிக்கொண்டு வருகிறது. நல்ல ஆய்வேடுகளை எழுதியவரின் சம்மதத்தோடு அங்கே கொடுக்கலாம். எல்லாம் தமிழில் எழுதியவை, உலகத்தில் வேறு எங்கும் கிடைக்காதவை.

உங்களிடமும் ஒரு கேள்வி, ஆசிரியரே. உங்கள் பத்திரிகையில் வெளிநாட்டுச் செய்திக்கு ஒரு முழுப் பக்கம் போகிறது. பெரும்பாலும் செய்தி நிறுவனங்களிலிருந்து எடுத்துத் தமிழாக்கியது. கானாவும் சாம்பியாவும் கடனைக் கட்ட ஏலாமல் நின்றதை அதில் வாசித்தேன். 2022 ஏப்ரலில் நாங்களும் அப்படித்தான் நின்றோம். மூன்று நாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, களுவாஞ்சிகுடிச் சந்தையில் கோதுமை மா விலை என்ன ஆனது என்பதோடு சேர்த்து எழுத ஒரு பொருளியல் ஸ்பெஷல் பிள்ளைக்கு முடியும். கிழமைக்கு ஒருமுறை அந்தப் பக்கத்தில் முக்கால் பத்தி ஒதுக்கித் தாருங்கள். காசு கொடுக்க வேண்டாம், பெயரைப் போட்டால் போதும். பத்திரிகையில் பெயர் வந்த தலைப்பை முன்மொழிவுக் கூட்டத்தில் தட்டிக்கழிப்பது லேசில்லை.

நான்காம் வருடப் பிள்ளைகள் இன்னும் கொஞ்ச நாளில் தலைப்புக் கொடுக்கத் தொடங்குவார்கள். அக்காவின் பை அதே அலுமாரியில், மேல் தட்டில், கலியாணச் சேலைக்குக் கீழே இருக்கிறது. யாராவது பிள்ளை அந்தக் கதையை எடுத்துச் செய்ய முன்வந்தால் அவ பேசத் தயார், போன கிழமைதான் கேட்டேன். பேசுவதற்குப் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வரட்டும், அதற்கு முதல் அவ படுத்திருப்பா. பாஸ்போட்டும் படிவமும் கடையில் நானே போட்டோக்கொப்பி எடுத்துத் தருவேன். காசு வேண்டாம்.

இப்படிக்கு,
ரைப்பிங் கடைக்காரி,
களுவாஞ்சிகுடி.

(பெயரும் முகவரியும் தனித்தாளில் இணைத்திருக்கிறேன், அச்சிட வேண்டாம்.)